பஸ்ஸில் ஏறிய கோழி: 16 பக்க ஆங்கிலப் படக்கதைப் புத்தகம் ஒன்றை வீட்டிலேயே செய்த கதை

எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் படிக்க வரும் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன ஆங்கிலப் படக்கதைப் புத்தகம் செய்தேன். கதை எழுதி, படம் வரைய வைத்து, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, நூலால் தைத்து முடித்த வரைக்கும் நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையை வேறு யாராவது தங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் செய்ய நினைத்தால் நேராக ஆரம்பித்துவிடலாம்.

முதலில் யாருக்காகச் செய்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எல்லாரும் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது படிக்கிற தமிழ்வழிப் பிள்ளைகள். தமிழ் நன்றாக வாசிப்பார்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்தும் தெரியும், ஸ்பெல்லிங்கும் மனப்பாடம். 'பி-யு-எஸ் பஸ், பஸ்ஸுன்னா பேருந்து' என்று ராகத்தோடு ஒப்பிப்பார்கள். ஆனால் அதே பி, அதே யு, கடைசியில் எஸ்ஸுக்குப் பதில் என் போட்டு 'பன்' என்று எழுதிக் காட்டினால் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். தமிழில் க-வுக்கு ஒரு கால் போட்டால் கா என்று எடுத்த உடனே வாசித்துப் பழகிய பிள்ளைக்கு, ஆங்கில எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். 26 எழுத்தை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதுகிற மொழி அது. வீட்டில் யாரும் பேசாத மொழியும்கூட. பிள்ளையின் காதில் விழுவதே பாடப் புத்தகம் வழியாகத்தான்.

புத்தகத்துக்குப் பஞ்சம் என்று சொல்ல மாட்டேன். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழிலும் இருக்கின்றன, ஆங்கிலத்திலும் இருக்கின்றன, நான்கு நிலைகளாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் புக் டாஷ் அமைப்பு வெளியிடுகிற புத்தகங்களும் அப்படியே. எழுத்தாளரும் ஓவியரும் வடிவமைப்பாளரும் ஒரே இடத்தில் கூடி 12 மணி நேரத்தில் ஒரு புத்தகத்தை முடிப்பார்கள், யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். இவற்றில் பலவற்றை நான் எடுத்துப் பயன்படுத்துகிறேன். நான் வாசித்துக் காட்ட, பிள்ளைகள் கேட்க, அதற்கு இவற்றைவிட நல்லது இல்லை.

சிக்கல் எங்கே வந்தது என்றால், பிள்ளை தானாக வாசிக்க வேண்டும் என்கிறபோது. ஸ்டோரிவீவரின் முதல் நிலைக் கதை ஏறத்தாழ 250 சொல்லுக்குள் இருக்கும். வாக்கியமும் சின்னதுதான். ஆனால் அந்தச் சின்ன வாக்கியத்துக்குள் எழுத்து ஒரு மாதிரியும் ஒலி ஒரு மாதிரியும் இருக்கிற சொற்கள் வந்துவிடும். கதை சுவையாக இருக்க வேண்டுமென்றால் அவை வரத்தான் செய்யும், எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. இப்போதுதான் ஹ், எ, ன் என்று மூன்று ஒலியைச் சேர்க்கக் கற்ற பிள்ளைக்கு அது இன்னும் இரண்டு படி மேலே. நம் பள்ளிகளில் 2023-ல் வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்காகப் பிரித்தார்களே, அந்தக் கணக்கில் பார்த்தால் எனக்கு வேண்டியது ஆங்கிலத்தில் 'நுழை'க்கும் முன்னால் ஒரு வாசற்படி. அதற்காகத்தான் சொந்தமாக ஒன்று செய்ய உட்கார்ந்தேன்.

கதையைவிடச் சொற்களை முதலில் தீர்மானித்தேன். இது முக்கியம். கதையை எழுதிவிட்டு அப்புறம் கடினச் சொற்களைக் களையலாம் என்று போனால் கதை முடமாகிவிடும். சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றால் என்ன கதை சொல்லலாம் என்று யோசித்தால் கதை நிமிர்ந்து நிற்கிறது. மூன்று எழுத்துச் சொற்கள், எழுத்தை ஒலித்தாலே வந்துவிடுகிற சொற்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனேன்: ஹென், ரெட், எக், பேக், மேன், பஸ், ரன், அப், இன், ஆன் (ஓ-என்). இதில் ஆங்கிலத்தின் ஐந்து குறில் உயிர்களும் வந்துவிடுகின்றன. அப்புறம் ஒலித்துப் பார்த்தால் சரியாக வராத, ஆனால் இல்லாமல் ஒரு வரிகூட எழுத முடியாத சொற்கள்: தி, இஸ், நோ, தனி எழுத்தாக வரும் ஏ, உயிரொலிக்கு முன்னால் வரும் ஆன் (ஏ-என்). அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936-ல் பிள்ளைகள் பார்த்தவுடன் சொல்ல வேண்டிய 220 சொற்களை ஒரு பட்டியலாகத் தொகுத்தார், இன்றும் பல நாடுகளில் ஆசிரியர்கள் அதை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். அந்த 220-ஐயும் சுவரில் ஒட்டிப் பிள்ளையை மிரட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் புத்தகத்துக்கு அதிலிருந்து நாலைந்து போதும். ஆக மொத்தம் 15 சொற்கள். புத்தகம் முழுக்க இந்த 15-தான், வேறு ஒன்றும் கிடையாது.

கையில் கோழி, பை, பஸ், ஆள், முட்டை. கதை தானாகவே வந்தது. ஒரு சிவப்புக் கோழி. கோழி பைக்குள். பை பஸ்ஸில். அடுத்த பக்கத்தில் எழுத்தே இல்லை, பையின் வாயிலிருந்து கொண்டை மட்டும் எட்டிப் பார்க்கிறது. அப்புறம் கோழி பறந்து எழும்புகிறது, ஜன்னலோரம் தூங்குகிறவர் தலையில் உட்கார்கிறது, அவர் பதறி எழுகிறார், 'ரன், ஹென், ரன்!' இன்னொரு எழுத்தில்லாப் பக்கம், அதில் கண்டக்டர் விசில் ஊதுகிறார். பிறகு கேள்விகள். கோழி பஸ்ஸில் இருக்கிறதா? இல்லை. கோழி பைக்குள் இருக்கிறதா? பக்கத்தைப் புரட்டினால், இல்லை. ஒரு முட்டை இருக்கிறது பைக்குள். கடைசி அட்டையில் பஸ்ஸின் கூரை மேல் கோழி நிற்கிற சின்னப் படம், எழுத்து கிடையாது.

பக்கம் புரட்டுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கங்கள் எல்லாம் வலது பக்கம் வரும். கேள்வியை வலது பக்கத்தில் வைத்தால் பதிலுக்குப் பிள்ளை தாளைத் திருப்பியே ஆக வேண்டும். அதனால் பைக்குள் கோழி இருக்கிறதா என்ற கேள்வியை 13-ஆம் பக்கத்திலும், 'நோ' என்பதை 14-லும், முட்டையை 15-லும் வைத்தேன். 13-ஆம் பக்கப் படத்தில் பை மூடியிருக்கும், ஆனால் கொஞ்சம் புடைத்திருக்கும். அந்த இடத்தில் பிள்ளையை நிறுத்தி "என்னடா இருக்கும்?" என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஊகித்துவிட்டுப் புரட்டுகிற பிள்ளை அடுத்த வரியை வாசிக்காமல் விடாது, தன் ஊகம் சரியா என்று தெரிந்துகொள்ள வேண்டுமே.

படம் வரைந்தது பக்கத்துத் தெருவில் கல்லூரி படிக்கிற ஒரு பெண். நான் அவளிடம் கேட்டுக்கொண்டது இரண்டுதான். ஒன்று, கறுப்பு மார்க்கரில் கோட்டோவியம் மட்டும், நிழலும் வண்ணமும் வேண்டாம். வண்ணப் படத்தை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகி, கோழி எது புதர் எது என்று தெரியாமல் போகிறது. ஸ்டோரிவீவர் கதைகள் சிலவற்றை அப்படி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். கோட்டோவியம் எத்தனை நகல் எடுத்தாலும் தெளிவாக நிற்கும், செலவும் குறைவு. இரண்டாவது, வரி என்ன சொல்கிறதோ அது படத்தில் இருந்தே ஆக வேண்டும், வரி சொல்லாதது படத்தில் நடுநாயகமாக நிற்கக் கூடாது. 'பை பஸ்ஸில்' என்று வரி இருந்தால் பார்த்தவுடன் கண்ணில் படுவது பையாக இருக்க வேண்டும். அவள் முதலில் கொண்டுவந்த படத்தில் பஸ் நிறைய ஜனம், முல்லைப்பூ வைத்த அம்மா, படியில் தொங்குகிற பையன், மேலே வாழைத்தார் என்று அத்தனை அழகு. பை ஒரு மூலையில் கிடந்தது. அந்தப் படத்தை அப்படியே அட்டைக்கு எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக்கு மட்டும் இரண்டு இருக்கையும் ஒரு மஞ்சப்பையும் வரையச் சொன்னேன். மஞ்சப்பை என்று பிள்ளைகளுக்குக் கோட்டிலேயே தெரிந்தது, அதன் காதை வைத்து.

ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் வரும் ஏ5 அளவிலேயே வரைந்தாள். போனில் இருக்கிற ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளைத் தெரிவை வைத்து எடுத்தோம். ஒளி ஒரு பக்கமாக விழுந்தால் தாளின் ஓரம் கறுத்துவிடுகிறது, அதனால் வெளி வராந்தாவில், வெயில் நேராக விழாத இடத்தில் வைத்து எடுப்பது நல்லது. கையின் நிழல் தாளில் விழக் கூடாது.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு பையனின் ஆயா கேட்டார்: "ஏம்மா, கீழ தமிழ்ல அர்த்தம் போட்டுட்டா பிள்ளைக்குச் சுளுவா இருக்குமே?" நியாயமான கேள்வி. பாடத்துக்கு உரை பார்த்துப் பழகிய எல்லாருக்கும் இதுதான் முதலில் தோன்றும். சரி, பேசுவதைவிடச் செய்து பார்த்துவிடலாம் என்று முதல் நான்கு பக்கத்தை இரண்டு விதமாக அச்செடுத்தேன். ஒன்றில் ஆங்கில வரி மட்டும். இன்னொன்றில் அதன் கீழே தமிழ் வரி. இரண்டையும் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளின் கண்ணை மட்டும் கவனித்தேன். தமிழ் இருந்த தாளில் ஒரு பிள்ளைகூட மேல் வரியில் நிற்கவில்லை. கண் நேராகக் கீழே போகிறது, சரளமாகத் தமிழை வாசிக்கிறார்கள், 'முடிச்சிட்டேன் அத்தை' என்று தாளைத் திருப்புகிறார்கள். தமிழ் தெரிந்த பிள்ளை தமிழைத்தான் வாசிக்கும், அதில் தவறே இல்லை. ஆனால் ஆங்கில வரி வெறும் அலங்காரமாகிவிட்டது. ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் உச்சரிப்பாக எழுதிவைப்பதிலும் இதே கதைதான், அதோடு ஒரு கெடுதலும் சேர்கிறது: நம் ப ஒன்றுதான், ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு இரண்டு எழுத்து, இரண்டு ஒலி. பேக், மேன் என்று நாம் எழுதுகிற அந்த ஏ ஒலியும் தமிழில் இல்லாத ஒன்று. அதைக் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும், எழுதிக் காட்ட முடியாது.

அதனால் பொருளைச் சொல்கிற வேலையைப் படத்திடம் முழுசாக ஒப்படைத்தேன். தமிழ் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. புத்தகத்தைத் திறக்கும் முன் கதையைப் பற்றி நிறையப் பேசிக்கொள்கிறோம், எல்லாம் தமிழில்தான். கோழியைப் பஸ்ஸில் கொண்டுபோனதுண்டா, கண்டக்டர் என்ன சொன்னார், டிக்கெட் கேட்டாரா என்றெல்லாம். சென்னையில் தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் இரு மொழியும் வருகிற படப் புத்தகங்களைப் பல வருஷமாகப் போடுகிறார்கள், பெற்றோர் மடியில் வைத்து வாசித்துக் காட்டவும் இரண்டு மொழியையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் அருமையான புத்தகங்கள். அவை வேறு வேலைக்கானவை. எழுத்துக் கூட்டிப் பழகுகிற புத்தகத்தில் தமிழ் பிள்ளையின் வாயிலும் காதிலும் இருக்கட்டும், அந்த வரிக்குக் கீழே வேண்டாம்.

எழுத்துருவுக்கு ஆண்டிகா எடுத்துக்கொண்டேன். எஸ்ஐஎல் நிறுவனம் புதிதாக எழுத்துக் கற்பவர்களுக்காகவே வடிவமைத்து இலவசமாகத் தருகிறது. வழக்கமான எழுத்துருக்களில் சின்ன 'ஏ' எழுத்தின் தலையில் ஒரு கொக்கி வளைந்து நிற்கும், பிள்ளை நோட்டில் எழுதுகிற வடிவம் அது இல்லை. ஆண்டிகாவில் நோட்டில் எழுதுகிற மாதிரியே இருக்கும். ஐ, எல் எழுத்துகளும் 1 என்ற எண்ணும் ஒன்றுபோலத் தோன்றாமல் தனித்தனியாகத் தெரியும். அளவு 28 வைத்தேன். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இரண்டு இடைவெளி, பிள்ளை விரல் வைத்து வாசிக்கும்போது விரல் ஒரு சொல்லை மட்டும் தொட வேண்டும். வரி எப்போதும் பக்கத்தின் அடியில், அதே உயரத்தில். படத்தின் மேலே எழுத்து ஏறக் கூடாது. ஒரு வாக்கியத்தை இரண்டு வரியாக உடைக்கவும் இல்லை.

இனி அச்சு. இதில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். நடுவில் மடித்துத் தைக்கிற புத்தகத்தில் பக்கங்களின் எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு ஏ4 தாளை மடித்தால் முன்னும் பின்னுமாக நான்கு பக்கம். 16 பக்கத்துக்கு நான்கு தாள். எந்தப் பக்கம் எதற்குப் பக்கத்தில் வரும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது: அருகருகே வரும் இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 17. முதல் தாளின் முன்புறம் இடப்பக்கம் 16, வலப்பக்கம் 1. அதன் பின்புறம் 2, 15. இரண்டாம் தாளில் 14, 3 முன்னால், 4, 13 பின்னால். மூன்றாவதில் 12, 5, அப்புறம் 6, 11. நான்காவதில் 10, 7, அப்புறம் 8, 9. கையால் அடுக்க வேண்டாம் என்றால் பிடிஎஃப் கோப்பை அடோபி ரீடரில் திறந்து அச்சிடும்போது 'புக்லெட்' என்ற தெரிவை எடுத்தால் அதுவே அடுக்கிக்கொள்ளும். லிப்ரே ஆபீஸில் 'ப்ரோஷர்' என்ற பெயரில் இருக்கிறது.

கடையில் கொடுக்கும்போது ஒரே ஒரு சொல்லை மறக்காமல் சொல்ல வேண்டும்: இரண்டு பக்கமும் எடுக்கும்போது தாளைக் குறுகிய ஓரமாகத் திருப்ப வேண்டும், ஷார்ட் எட்ஜ். பெரும்பாலான பிரிண்டர்களில் நீளமான ஓரம்தான் இயல்பாக அமைந்திருக்கும், அப்படியே விட்டால் ஒவ்வொரு தாளின் பின்புறமும் தலைகீழாக வரும். நான் போன கடையில் முதல் செட் அப்படித்தான் வந்தது. கடைத் தம்பியும் நானும் ஒரு வேண்டாத தாளை மடித்து எண் எழுதிப் பார்த்துச் சரிசெய்தோம். எப்போதும் ஒரு செட் மட்டும் எடுத்து மடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் மீதியை எடுக்கச் சொல்லுங்கள்.

தாள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண ஜெராக்ஸ் தாள் 70 அல்லது 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு), அதில் கறுப்பு மார்க்கர் படம் பின்புறமும் தெரிந்து, பிள்ளை அந்தப் பக்கத்து நிழலையும் சேர்த்துப் பார்க்கிறது. 100 ஜிஎஸ்எம் பாண்ட் தாளில் அந்தத் தொல்லை இல்லை, கொஞ்சம் கூடுதல் விலைதான். வெளித்தாளுக்கு, அதாவது 16, 1, 2, 15 வருகிற தாளுக்கு மட்டும், 200-க்கு மேல் உள்ள கெட்டித் தாள். லேசர் அச்சாகவே எடுங்கள், இங்க்ஜெட் அச்சு ஈரக்கை பட்டால் இழுகிவிடும். அட்டையை லேமினேஷன் செய்யலாமே என்று கடையில் சொன்னார்கள். செய்து பார்த்ததில் மடிப்பு நிற்காமல் புத்தகம் தானாகவே வாயைப் பிளக்கிறது. முதுகிலும் நான்கு மூலையிலும் அகலமான ஒட்டுநாடாவை ஒட்டினால் போதும்.

மடிப்பதற்கு ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பு. கெட்டித் தாளில் மடிக்க வேண்டிய கோட்டில் தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் ஒருமுறை அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் வெடிக்காது. பின் அடிப்பதா தைப்பதா என்றால் நான் தைப்பதைத்தான் சொல்வேன். சாதாரண ஸ்டேப்ளர் புத்தகத்தின் நடுக்கோடு வரைக்கும் எட்டாது, நீளக் கை ஸ்டேப்ளர் எல்லாக் கடையிலும் இருக்காது, தவிர மழைக்காலத்தில் பின் துருவேறித் தாளைக் கறையாக்கும், அதன் முனை சின்ன விரலில் குத்தும். நூலுக்கு இதெல்லாம் கிடையாது.

மூன்று ஓட்டை போதும். 21 செ.மீ. உயரத்தில் சரிநடுவில் ஒன்று, மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் 4 செ.மீ. உள்ளே தள்ளி ஒவ்வொன்று. நான்கு தாளையும் சேர்த்து அடுக்கி, விரித்து, ஒரு தெர்மோகோல் துண்டின் மேல் வைத்துக் கோணூசியால் குத்தினால் ஓட்டைகள் ஒரே நேர்கோட்டில் விழும். கெட்டியான தையல் நூலை இரட்டையாக்கி மெழுகுவத்தியில் இழுத்துக்கொள்ளுங்கள், முடிச்சு நழுவாது. உட்புறத்திலிருந்து நடு ஓட்டை வழியாக வெளியே விட்டு, மேல் ஓட்டையில் உள்ளே, அங்கிருந்து நடு ஓட்டையைத் தாண்டி நேராகக் கீழ் ஓட்டைக்கு, அதில் வெளியே, மறுபடியும் நடு ஓட்டையில் உள்ளே. இப்போது நூலின் இரண்டு முனையும் உட்புறம் நடுவில் இருக்கும். மேலிருந்து கீழாக ஓடுகிற நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வருமாறு வைத்து இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டால் முடிந்தது. நான்காவது படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தங்கள் புத்தகத்தைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள். ஊசியால் குத்துவதை மட்டும் நான் செய்தேன். தைத்த பிறகு உள்தாள்கள் லேசாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ஸ்கேல் வைத்துக் கட்டரால் ஒரு இழுப்பு இழுத்தால் ஓரம் சமமாகிவிடும்.

வாசிப்பதற்கு நான் வைத்துக்கொண்ட முறை இது. முதல் நாள் எழுத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, படத்தை மட்டும் பார்த்துத் தமிழில் கதை சொல்கிறார்கள். அடுத்த நாள் நான் வரியின் கீழ் விரல் வைத்து மெதுவாக வாசிக்கிறேன், அவர்கள் கேட்கிறார்கள். அப்புறம் எல்லாருமாகச் சேர்ந்து. அதற்கும் அப்புறம்தான் தனித்தனியாக. தனியாக வாசிக்கும்போது எழுத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம், ஒலியைச் சொல்லு என்பது மட்டும்தான் விதி. 'பி-யு-எஸ்' என்று ஆரம்பித்தால் நிறுத்தி, 'ப்... அ... ஸ்' என்று உதட்டைக் காட்டுகிறேன். 'பேகு', 'பஸ்ஸு' என்று கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டு வரும், அது நம் நாக்கின் வழக்கம். அதற்காகக் கதையை நடுவில் நிறுத்துவதில்லை. பிள்ளை முட்டைக்காக ஓடிக்கொண்டிருக்கும்போது உச்சரிப்பைப் பிடித்து இழுத்தால் ஆசையே போய்விடும். வாசித்து முடித்த பிறகு வெளியே ஒரு விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம்: 'பேக்' என்று சொல்லிக் கையால் வாயைப் பொத்திக்கொள்வது, அவ்வளவுதான். உகரம் வெளியே வர வழியில்லை.

மூன்றாம் பக்கத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதில் 'எ ரெட் ஹென்' என்ற வரிக்கு மேலே பெரிய கோழி, வெறும் கோடு. கலர் பென்சில் டப்பாவை நடுவில் வைத்துவிட்டு, கோழிக்கு என்ன நிறம் அடிக்கணும் என்று வரியைப் பார்த்து நீங்களே கண்டுபிடியுங்கள் என்று சொன்னேன். இரண்டாவது படிக்கிற ஒரு பெண் ஏற்கெனவே பழுப்புப் பென்சிலை எடுத்திருந்தாள், அவள் வீட்டுக் கோழி அந்த நிறம். இன்னொரு பையன் வரியில் விரலை வைத்து, 'ர்... எ... ட்', மறுபடியும் 'ர்... எ... ட்', திடீரென்று "ரெட்டு! சிவப்புடீ, சிவப்பு!" என்று அவளைப் பார்த்துக் கத்தினான். அவள் பென்சிலை வைத்துவிட்டு, அவன் சொன்னதை நம்பாமல், தானும் விரல் வைத்து மூன்று எழுத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சிவப்பை எடுத்தாள். பாடப் புத்தகத்தில் அந்தச் சொல்லை எத்தனையோ தடவை எழுதியிருப்பார்கள். ஒரு வேலையைச் செய்வதற்காக அதை வாசித்தது அன்றைக்குத்தான். மெழுகு கிரேயான் வேண்டாம், எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்கிறது, பென்சில் வண்ணம்தான் சரி.

சில நாளில் எல்லாருக்கும் புத்தகம் மனப்பாடம். புத்தகத்தைப் பார்க்காமலே சொல்கிறார்கள். இது வாசிப்பே இல்லை என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. தமிழிலும் நிலா நிலா ஓடி வா பாட்டை வாயில் வைத்துக்கொண்டுதான் அப்புறம் அதன் எழுத்தைப் பார்த்தோம். மனப்பாடம் ஆனதும் அடுத்த படிக்குப் போக வேண்டியதுதான். 15 சொற்களையும் தடித்த அட்டையில் தனித்தனியாக எழுதி வெட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டேன், 'தி', 'இஸ்' மட்டும் மூன்று மூன்று. அதே சொற்களை எடுத்துப் புத்தகத்தில் இல்லாத வாக்கியமாகத் தரையில் அடுக்குகிறேன், நான் வாசிப்பதில்லை, படமும் கிடையாது. 'தி பஸ் இஸ் இன் தி பேக்.' ஒருவன் மெதுவாக வாசித்து முடித்துவிட்டு, "அத்தை, பஸ்ஸு எப்படி அத்தை பைக்குள்ள போகும்?" என்றான். அந்தக் கேள்விதான் எனக்கு வேண்டியிருந்தது. மனப்பாடத்திலிருந்து இந்தக் கேள்வி வராது, ஒவ்வொரு சொல்லையும் வாசித்து அதன் பொருளை மனசில் சேர்த்தால்தான் வரும்.

அன்றிலிருந்து இது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒரு பிள்ளை வாக்கியம் அடுக்க வேண்டும், மற்றவர்கள் வாசித்து அதைப் படமாக வரைய வேண்டும். 'தி மேன் இஸ் இன் தி எக்', 'தி பஸ் இஸ் ஆன் தி ஹென்' என்று அடுக்கித் தள்ளுகிறார்கள். கோழி முதுகில் பஸ், பஸ்ஸின் எடையில் கோழியின் கால் இரண்டும் வளைந்திருக்கிறது, கண்டக்டர் கோழிக்கு விசில் ஊதுகிறார். படத்தைப் பார்த்தாலே பிள்ளை சரியாக வாசித்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது. 'ஆன்' என்பதை 'இன்' என்று வாசித்திருந்தால் பஸ் கோழியின் வயிற்றுக்குள் இருக்கும். தனியாக ஒரு தேர்வு வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதே அச்சு முறையில் ஸ்டோரிவீவர், புக் டாஷ் கதைகளையும் எடுத்துத் தைத்து வைத்திருக்கிறேன், நான் வாசித்துக் காட்டுவதற்கு. அவற்றில் பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவை, நகலெடுக்கலாம், மாற்றலாம், ஆனால் எழுதியவர், வரைந்தவர், வெளியிட்டவர் பெயரும் உரிமத்தின் பெயரும் புத்தகத்தில் இருக்க வேண்டும், வரியைச் சுருக்கியிருந்தால் சுருக்கப்பட்டது என்றும் போட வேண்டும். பக்கம் குறைக்கிறேன் என்று அந்தக் கடைசிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். இலவசமாகக் கொடுத்தவர்களுக்கு நாம் செய்கிற மரியாதை அது. பிள்ளைகளும் அட்டையில் பெயர் பார்க்கப் பழகிவிட்டார்கள், எங்கள் கோழிப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் படம் வரைந்த அக்கா பெயர் இருப்பதைக் கண்டுபிடித்துப் போய் அவளிடமே காட்டிவிட்டு வந்தார்கள்.

இரண்டாவது புத்தகத்துக்குச் சொற்கள் எடுத்தாகிவிட்டது. பழைய 15-ம் அப்படியே இருக்கும், புதிதாக டாக், பாட், மட், வெட், சன், டிக் என்று ஆறு. நாய் ஒன்று மழை விட்ட பிறகு சேற்றைத் தோண்டுகிறது, ஒரு பானை கிடைக்கிறது. பானைக்குள் என்ன என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறேன், ஆனால் அந்த 21 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இப்போதைக்கு முட்டை ஒரு பக்கம், அந்தச் சிவப்புக் கோழியே ஒரு பக்கம் என்று திண்ணையில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது, முடிவானதும் வரைகிறவளிடம் சொல்ல வேண்டும்.